வளையல் அளவுக்கு ஒரு துளை

என் செல்லத் தம்பி ஞானத்துக்கு,

"அக்கா, லூர்துகிட்டேருந்து வளையல் ஒண்ணு வாங்கியாறியா? எதுக்குன்னு கேக்கப்படாது" என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? பெண்டாட்டியிடம் வளையல் கேட்க அக்காளை அனுப்புகிறவன் அரியலூரிலேயே நீ ஒருவன்தான் என்று சிரித்துக்கொண்டே போய் வாங்கி வந்தேன். பச்சைக் கண்ணாடி வளையல்.

அதை ஒட்டுப்பலகைமேல் வைத்து, பென்சிலால் உள்விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, வட்டமாக அறுத்தாய். யுத்தம் முடிந்து விமானப் பட்டறை வேலையிலிருந்து திரும்பியபின், ஸ்டேஷன் பக்கத்துப் பருத்திக் கிடங்கில் நீயே கட்டிக்கொண்டிருந்த சின்ன விமானம் அது. இரண்டு பேர் உட்காரலாம். விலா எலும்புபோல் தெரிந்த சட்டங்களை உள்பக்கம் மூடத்தான் அந்தப் பலகைகள். மூடுகிற பலகையில் துளை எதற்கு?

வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் நீ எனக்கு உதாரணம் சொன்னாய். தலையணையை நாலு பக்கமும் தைத்துவிட்டால், உள்ளே கட்டிதட்டிப்போன பஞ்சை எப்படிப் பிரிப்பது? அதுபோலத்தான், காலால் மிதிக்கும் கட்டையிலிருந்து வால்வரை ஒரு கம்பி போகிறது. பலகைக்குப் பின்னால் சின்ன உருளைமேல் அது ஓடுகிறது. தொட்டுப் பார்க்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும்.

"என் கை உள்ள போவாது. ஒன் கையும் போவாது, பெரம்பு புடிச்ச கை. வளையல் போற எடத்துல லூர்து கை போவும். அவதான் எண்ணெ போடப் போறா. இப்பச் சொல்லிப்புடாத, பலக ஏறுனப்பறம் நானே சொல்றேன்" என்றாய்.

நான் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. காய்ச்சல் உன்னை அந்த வாரத்திலேயே கொண்டுபோய்விட்டது.

அடைமழை. மரம் கிடைக்காத காலம். சவப்பெட்டி செய்ய வந்த தச்சர், கிடங்கில் சாத்தியிருந்த உன் பலகைகளை எடுத்துக்கொண்டார். என்ன பலகை என்று அவருக்குத் தெரியாது. தடுக்கிற நிலையில் நாங்களும் இல்லை. பெட்டியின் மூடியில் வட்டமாக ஒரு துளை இருந்தது, ஞானம்.

மூடியபின் லூர்து அந்தத் துளைக்குள் கையை விட்டாள். வளையல்கள் விளிம்பில் தட்டி நின்றன, கை மட்டும் உள்ளே போனது. உன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். சாமியார் செபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மழை பெய்துகொண்டே இருந்தது. அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும், பெண்கள் கூடி அவள் வளையல்களைக் கழற்றினார்கள்.

கிடங்கைப் பூட்டிவிட்டோம். சில வருஷத்தில் நானும் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். போன வாரம், உன்னோடு பட்டறையில் இருந்த லெப்பைக்குடிகாட்டு இஸ்மாயில் புதுப் பலகைகளோடு வந்து நின்றார். "ஞானம் பாதியில வச்ச வேலைய நான் முடிக்கிறேன் டீச்சரம்மா. நானே ஓட்டுறேன்" என்றார். கிடங்கைத் திறந்து காட்டினோம். அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் லூர்து தலையாட்டினாள். கம்பியைப் பார்க்கப் பலகையில் ஒரு துளை வேண்டும் என்றதற்கு மட்டும் மறுத்தாள்.

"தொள மட்டும் வேணாம்ண்ணே. மொத்தமா மூடிடுங்க."

"அது எப்புடி தங்கச்சி? உள்ள கம்பி தேஞ்சா எப்புடித் தெரியும்? மேல போனவன் அல்லாகிட்டதான் எறங்கணும்."

"அந்த வட்டத்தப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாது."

"அப்ப நான் ஏற மாட்டேன். கோழி அடைக்க வச்சுக்கங்க." சொன்ன பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

லூர்து பூட்டைக் கையில் எடுத்தாள். பூட்டினால் அந்தக் கதவை இனி அவள் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் சுவரில் ரம்பங்களுக்குப் பின்னால், ஆணியில் அந்தப் பச்சை வளையல் தொங்குவதைப் பார்த்தேன். அவள் கையில் கிடந்தவற்றைத்தான் கழற்றினார்கள். இது உன் கருவிகளோடு கருவியாக இருந்துவிட்டது.

அதை எடுத்து அவளிடம் கொடுத்து, நீ சொல்ல வைத்திருந்ததை நான் சொன்னேன்.

"அப்ப அது எனக்குன்னு போட்டதா, அண்ணி?"

"ஒனக்குத்தான்மா."

பலகைமேல் நெற்றியை வைத்து அழுதாள். இஸ்மாயில் வெளியே போய் நின்றுகொண்டார். நெடுநேரம் கழித்து, வளையலைப் பலகைமேல் வைத்து அவளே கோடு போட்டாள். இஸ்மாயில் அறுத்து, உப்புத்தாள் தேய்த்து, சட்டத்தில் பொருத்தித் திருகாணி முடுக்கினார். யாரும் சொல்லாமலே லூர்து உள்ளே கையை விட்டாள்.

"உருள தட்டுப்படுதுண்ணே. காஞ்சு கெடக்கு. எண்ணெ எங்க?"

அவள் கை முதலில் எங்கே போகும் என்று தெரியாமலே அந்த அளவை எடுத்தாயே, தம்பி. பொத்தானை அவள் பிடித்தது உனக்குத் தெரிந்ததா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

ரஞ்சன்குடிக் கோட்டையை மேலேயிருந்து காட்டுகிறேன், நீ கண்ணை மூடிக்கொள்ளத்தான் போகிறாய் என்று என்னைக் கேலி செய்வாய். இஸ்மாயில் என்னையும் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கண்ணை மூட மாட்டேன் ஞானம், உனக்கும் சேர்த்துப் பார்த்து வருகிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. எதையாவது பலகை வைத்து மூடப்போகிறீர்கள் என்றால், கடைசி ஆணியை அடிக்கும் முன், வீட்டில் ஒருவர் கையாவது உள்ளே போகிறதா என்று விட்டுப் பாருங்கள்.

உன்னைத் தூக்கி வளர்த்த
லூசி அக்கா