உங்கம்மாவுக்கு ஒரு கை பிளெண்டர்

விருத்தாசலம் வாழ் பெருமக்களுக்கும், சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்ட உனக்கும் மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்வது: உங்கள் வீட்டுச் சமையல் மேடையின் இடது மூலையில் கை பிளெண்டர் ஒன்று பதவியேற்று, நல்லாட்சி நடத்தி வருகிறது. போட்டியிட்ட அத்தனை பிளெண்டர்களையும் அலசி ஆராய்ந்து, அதை வெற்றி பெற்றதாக அறிவித்த தேர்தல் அதிகாரி அடியேன்தான். கைதட்டலை அங்கிருந்தே தட்டிவிடு.

இதை எழுதும்போது என் சட்டையில் வெந்த கீரையும் பூண்டும் மணக்கின்றன. சட்டையை மாற்றிவிட்டு எழுதலாம் என்றுதான் நினைத்தேன். மாற்ற மனசில்லை. இது உன் சட்டையில் எப்போதும் இருந்த மணம்.

ஸ்கூல் முழுக்க உன்னைப் பெரிய கபடி வீரன் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டு ஜன்னல் வழியே நான் கண்ட காட்சி எனக்கு அல்வா மாதிரி. கீரைச்சட்டியை இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மத்தைப் பிடித்து, கண்ணை மூடி நீ கடைந்துகொண்டிருந்தாய். நான் சும்மா இருப்பேனா? "அத்தை, புது மருமக சூப்பரா கடையுறா!" என்று கத்தினேன். நீ மத்தோடு பாய்ந்து வந்தாய். தெரு முழுக்கப் பச்சைப் பொட்டு. தெருமுனையில் என் காலரைப் பிடித்து, "ஸ்கூல்ல சொன்ன, உன் மண்டையக் கடைஞ்சிடுவேன்" என்றாய். மூச்சு வாங்கி முடித்த பிறகு, வேறு குரலில், "எங்கம்மாவுக்கு கை வலிக்குதுடா. அவ்ளோதான்" என்றாய்.

செராமிக் பொம்மைக் கம்பெனியில் உங்கம்மாவுக்கு அச்சு வேலை என்று எனக்குத் தெரியும். களிமண் கரைசல் நிரம்பிய அச்சைத் தூக்கி, மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றி, மறுபடி நிமிர்த்தி வைக்க வேண்டும். பொழுதன்னைக்கும் அதே வேலை. நம் ஊரிலிருந்து போகும் பொம்மைகளெல்லாம் கையை ஆட்டிச் சிரிக்கின்றன. உங்கம்மாவால் கையைத் திருப்ப முடியவில்லை. அதனால்தான் தினம் நீ கடைந்தாய். நான் ஸ்கூலில் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே சந்தர்ப்பம் அது.

கூலியாக உன்னிடமிருந்து எனக்கு ஒரு கிண்ணம் கீரையும் ஓர் அறிவுரையும் கிடைத்தன. "கீரைய அடிக்கக் கூடாதுடா, கடையணும். அடிச்சா கோவிச்சிக்கினு தண்ணியா ஓடிடும்." அப்போது விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உனக்கே தெரியும்.

உனக்குத் தெரியாதது, அப்புறம் நடந்தது. உங்கப்பா பழையபடி லாரியோடு போய்விட்டார். உங்கம்மா சோற்றில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். இந்த மாசி மாதம் கம்பெனியிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனவன் நான். "உடம்புல ரத்தமே இல்லம்மா. தெனம் கீர சாப்பிடுங்க" என்றார் நர்ஸ். உங்கம்மா லேசாகச் சிரித்து, "யாரு கடையறது?" என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "நான் கடையறேன் அத்தை" என்று ஆணியில் தொங்கிய மத்தின் மேல் கை வைத்தேன்.

"அத எடுக்காதப்பா."

திட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. கையை எடுத்துக்கொண்டேன். நீ தொடாத ஏதாவது ஒன்றால்தான் இந்த வீட்டில் இனிக் கீரை மசியும் என்று மட்டும் புரிந்தது.

மிக்ஸி சரிப்படாது. ஜாரைத் தூக்க வேண்டும், மூடியை அழுத்த வேண்டும், கழுவ வேண்டும். அத்தனையும் அந்தக் கையால் முடியாதவை. கீரையும் சட்னியாகிவிடும். பாத்திரத்துக்குள்ளேயே இறக்கிக் கடையும் கை பிளெண்டர்தான் வழி என்று முடிவு செய்து, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைகளில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். கால் பகுதி பிளாஸ்டிக்கா, ஸ்டீலா? கொதிக்கிற கீரைக்குள் போவதால் ஸ்டீல்தான். காலைத் தனியாகக் கழற்றிக் கழுவ முடியுமா? முடிய வேண்டும். வயர் அடுப்புவரை எட்டுமா? வேகத்தைக் குறைக்க வழி உண்டா? கீரைக்குக் குறைந்த வேகம் போதும், பெரிய வாட்ஸ் வெறும் பந்தா. நீ கடைந்தாய், உன்னால் நான் கடை கடையாக ஏறினேன்.

கடைசியில் பாலக்கரைக் கடையில் அமைந்தது. "ஓட்டிக் காட்டுங்கண்ணே" என்றதும் கடைக்கார அண்ணன் ஒரு மக்கில் தண்ணீர் வைத்தார். நான் ஆர்வக்கோளாறில் பட்டனை அழுத்திவிட்டுத்தான் தண்ணீரில் இறக்கினேன். அண்ணன் சட்டை, பில் மிஷின், சாமி படம், எல்லாவற்றுக்கும் அபிஷேகம்.

"முக்கிட்டு அமுக்குடா! அமுக்கிட்டு முக்காத!"

"மன்னிச்சிக்கங்கண்ணே. செமையா இழுக்குது, இதையே குடுத்துடுங்க."

"யாருக்கு? அம்மாவுக்கா?"

"ஆமாண்ணே" என்றேன். கோவித்துக்கொள்ளாதே.

"மண்சட்டியில வுடாத, அடி தேஞ்சிடும். குண்டான்ல வச்சிக்கச் சொல்லு. ஒத்துவரலன்னா எடுத்துக்கினு வா, மாத்தித் தரேன்."

உங்கப்பா போனில் அனுப்பியிருந்த பணத்தில் வாங்கி வந்து நீட்டினேன். உங்கம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "என்னாப்பா இது, எங்க கம்பெனியில மண்ணு கலக்குதே, அந்த மிஷினு போட்ட குட்டியா?" என்று சொல்லிவிட்டு அவர்களே சிரித்துவிட்டார்கள். ஐப்பசிக்கு அப்புறம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். முளைக்கீரை வெந்திருந்தது. பிளெண்டரை இறக்கிப் பட்டனை அழுத்தினார்கள். ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. நின்றது.

"அமுக்கிக்கினே இருக்கணுமாப்பா?"

"ஆமா அத்தை. வுட்டா நின்னுடும்."

"கட்டவெரலு நிக்கமாட்டேங்குதே."

ஸ்டீல், வயர், வாட்ஸ் என்று அத்தனையும் பார்த்த அறிவாளி, உங்கம்மாவின் கட்டைவிரலைப் பார்க்கவில்லை. ஆனாலும் சமாளித்தேன். "தள்ளுங்க அத்தை, ஓட்டுநர் வந்துட்டாரு" என்று வாங்கி, முக்கிவிட்டு அமுக்கினேன். பக்கத்தில் நின்று குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், "போதும் போதும், கூழாக்கிடாத" என்றார்கள். கரண்டியால் ஒருதரம் கிளறிப் பார்த்துவிட்டு, "அவன் இன்னும் திப்பித்திப்பியா வுடுவான்" என்றார்கள். நீ போன பிறகு உன்னைப் பற்றி அவர்கள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. பிறகு தட்டு வைத்து, சோறு போட்டு, கீரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்கள். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் டியூஷன் முடித்துவிட்டு உங்கள் வீட்டுக்குப் போகிறேன். நான் போகாவிட்டால் அந்த வீட்டில் கீரை மசியாது. தெருவில் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்: எத்தனை வேலை இருந்தாலும் ஒரு தாய்க்காக நேரம் ஒதுக்கும் உத்தமன் நான். உங்கம்மா முகத்திலும் இப்போது ரத்தம் ஏறியிருக்கிறது, பார்த்தால் நீயே ஒத்துக்கொள்வாய்.

டேய், உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஒருதரம் தள்ளிவிட்டால் தன்பாட்டுக்கு ஓடும் சுவிட்ச் வைத்த பிளெண்டரும் அந்தக் கடையில் இருக்கிறது. மறுநாளே போய்ப் பார்த்துவிட்டேன். "எடுத்துக்கினு வா தம்பி, மாத்திக்கலாம்" என்றார் அண்ணன். நான் எடுத்துப்போகவில்லை. மாற்றிக்கொண்டு வரலாமே என்று உங்கம்மா கேட்டபோது, கடை பூட்டியிருந்தது என்று சொல்லிவிட்டேன். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான் உறைத்தது: உங்கம்மா ஏறிப்போகும் கம்பெனி வேன் தினமும் காலையிலும் சாயங்காலமும் அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் போகிறது.

நேற்றும் கேட்டார்கள். "இன்னைக்கும் பூட்டியிருந்துச்சாப்பா?"

"ஆமா அத்தை."

"சரி, கையக் கழுவிட்டு வா. கீர வெந்துடுச்சு."