பாஸ்கரன் குடிக்கவில்லை

திருநின்றவூர்
9-7-1989

அன்பு மகன் தேவராஜுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் ஏதோ இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீ உடம்பு கெடாமல் இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். ஏரி வற்றிவிட்டது, அம்மா தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறாள். உன் கடிதம் வந்தது. குடிகாரத் தம்பிக்குச் சோறு போடாதீர்கள் என்று எழுதியிருந்தாய். யாரோ சொன்னதைக் கேட்டு எழுதிவிட்டாய், உன்னைக் குறை சொல்லவில்லை.

தேவராஜ், உன் தம்பி பாஸ்கரன் ஒரு சொட்டு குடித்தவன் இல்லை. அவனுக்கு வலிப்பு. நீ விமானம் ஏறிய வருஷமே வந்தது, தனியாகக் கிடந்து கலங்குவாயே என்று நாங்கள் சொல்லவில்லை. மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது, நன்றாக ஓடியாடுவான், திடீரென்று ஒரு நாள் விழுவான். அவன் வேலை பார்த்த அம்பத்தூர் கம்பெனியில், வலிப்பு வருவது தெரிந்தவுடன் அடையாளமாகத் தொப்பியைக் கழற்றி மிஷின்மேல் வைப்பானாம், பக்கத்து மிஷின் பரந்தாமன் ஓடிவந்து சுவிட்சை அணைத்து, சாக்கின்மேல் படுக்கவைத்து, அவன் வேலையையும் சேர்த்துப் பார்ப்பானாம். ஒரு நாள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். பரந்தாமன் பதறிப்போய், "லேசா தண்ணி போட்டுகினான் சார், வுட்ருங்க" என்று சொல்லிவிட்டான். அங்கே குடித்தவனுக்கு ஒரு மெமோதான், வலிப்பு என்றால் அன்றைக்கே கணக்குத் தீர்த்துவிடுவார்கள், முன்பு வரதன் என்பவனை அப்படித்தான் அனுப்பினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே பொய், மூன்றாவது மெமோவோடு வேலை போய்விட்டது. வேலப்பன்சாவடிப் பெண் வீட்டாரும் குடிகாரனுக்குக் கொடுக்கமாட்டோம் என்று நிச்சயத்தை நிறுத்திவிட்டார்கள். உட்கார்ந்து செய்கிற பேக்கிங் வேலைக்கு மாற்றியிருந்தால் வேலை நிலைத்திருக்கும். குடிகாரனை இரண்டு தடவை மன்னிக்கத் தெரிந்த முதலாளிக்கு நோயாளிக்கு ஒரு ஸ்டூல் போடத் தெரியவில்லையே, வயிறு எரிகிறது.

என் கண்ணாடி உடைந்திருந்ததால் உன் கடிதத்தை அவன்தான் எங்களுக்குப் படித்துக் காட்டினான், ஒரு வரியும் விடாமல் படித்தான். அம்மா அழுதுவிட்டாள். அண்ணனுக்கு உண்மையை எழுதுகிறேன் என்றேன். "வாணாம் நைனா, அண்ணன் கோவமாவே இருக்கட்டும், சீக்குன்னு தெரிஞ்சா வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடும்" என்றான். அவனுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து பசியில்லை பசியில்லை என்று வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறான். நீ ஓடி வரவேண்டாம், பணமும் அனுப்பவேண்டாம். சாப்பிடுடா பாஸ்கரா என்று அவன் பேருக்கு ஒரு வரி எழுது, உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் தட்டின் முன்னால் உட்காருவான்.

நீயும் வேளைக்குச் சாப்பிடு. என் பிள்ளைகள் நீங்கள் இருவரும் நூறு வயது வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
வேம்புலி