எனக்கே கடன் தராத மேனேஜர்

மார்ச் 4
மழை. சலவைக்கடையில் ஈ ஓட்டினேன். பக்கத்து மருத்துவமனைக்காரர்கள் படுக்கை விரிப்பையெல்லாம் என்னிடமே போடத் தயார். அதற்கு உலர்த்தும் மெஷின் வேண்டும், மெஷினுக்குக் கடன் வேண்டும், கடன் கேட்க இங்கிலீஷ் வேண்டும். வங்கியில் பேசுவதெல்லாம் என் வீட்டுக்காரர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன். அவர் போய் வருஷம் திரும்பிவிட்டது.

போனில் மகன்: "கடையை மூடிட்டு இங்க வந்துடும்மா. ரூம் ரெடியா இருக்கு." ரூம் ரெடிதான். நான் ரெடியில்லை.

மார்ச் 11
மாலை இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். டெபாசிட், இன்ட்ரெஸ்ட், இன்ஸ்டால்மென்ட். காதில் நுழைகிறது, வாயிலிருந்து வரமாட்டேன் என்கிறது. இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் மேனேஜர், ஒருவர் கடன் கேட்பவர் என்று பேசிப் பழக வேண்டும். ஜோடியில்லாமல் மிஞ்சியது நான். "நீங்க ரெண்டு பேராவும் பேசுங்கம்மா" என்றார் டீச்சர். நாற்காலி மாறி மாறி உட்கார்ந்தேன். வீட்டிலும் இதே கதைதான். கேள்வியும் நானே, பதிலும் நானே.

மார்ச் 14
கடையெங்கும் சீட்டு ஒட்டினேன். துவைக்கும் மெஷினில் 'அசெட்'. சோப்புத்தூள் டப்பாவில் 'எக்ஸ்பென்ஸ்'. சட்டை வாங்க வந்த பஸ் டிரைவர், "என் சட்டைக்கு என்ன சீட்டு?" என்றார். "இன்கம்" என்றேன். அவர் போன பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் உட்காரும் நாற்காலியில் என்ன ஒட்டுவது? ஒன்றும் ஒட்டவில்லை.

மார்ச் 18
இன்றும் மிஞ்சினேன். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தாலே ஒரு விறைப்பு வந்துவிடுகிறது. அடமானமாக என்ன தருவாய், அதுதான் கொலேட்டரல், லாபம் எங்கே என்று கேட்டுவிட்டு, "சாரி, நோ லோன்." டீச்சர் கவனித்திருக்கிறார். "ஏம்மா, ஒரு தடவைகூட உங்களுக்கு நீங்களே லோன் குடுக்க மாட்டேங்கிறீங்க?"

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. ஏன் தரமாட்டேன் என்கிறேன்? தனியா இவ என்னத்தக் கிழிச்சிடப் போறான்னு எனக்கே தோணுது — வேற என்ன!

மார்ச் 24
நாளை வங்கி. ஊருக்கெல்லாம் இஸ்திரி போடுகிறவள், இன்று எனக்குப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 25
மேனேஜர் சின்னப் பெண். "ஹௌ வில் யூ ரீபே?" என்றாள். எப்படித் திருப்பிக் கட்டுவாயாம். சட்டென்று உறைத்தது, இதையெல்லாம் நானே என்னைக் கேட்டாயிற்றே! என்னைவிடக் கறாராகவா கேட்டுவிடப் போகிறாள்? மருத்துவமனை வேலை, மாத இன்கம், இன்ஸ்டால்மென்ட் எல்லாம் தப்பும் தவறுமாகச் சொல்லி முடித்தேன். போனில் சொல்கிறோம் என்றாள்.

ஏப்ரல் 2
போன் வந்தது. அப்ரூவ்ட்!
யாரிடம் முதலில் சொல்வது? அவர் நாற்காலியைப் பார்த்து உரக்கச் சொன்னேன். பதிலுக்கு மெஷின் சத்தம்தான்.

ஏப்ரல் 8
இனி வகுப்பு தேவையில்லை. இருந்தாலும் போனேன். தச்சர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். எல்லோரும் ஜோடி சேர்ந்த பிறகு, சுவரோரமாக நின்று, "நான் யார்கூட உக்காரணும்?" என்றார்.

எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டேன். மரம் அறுக்கும் மெஷினுக்குக் கடன் வேண்டுமாம். கொலேட்டரல், ப்ராஃபிட் என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். மனுஷனுக்கு வியர்த்துவிட்டது.

"அப்ரூவ்ட்" என்றேன்.