அரை மணி நேரத்துக்குப் பிறகு

வியாழக்கிழமை இரவு, நாமக்கல்.

நாங்கள் ஓர் ஆய்வுக்காக உருவாக்கிவரும் அரை மணி நேர மனநலப் பயிற்சியை இன்று நர்சிங் கல்லூரி மாணவிகளிடம் நடத்திப் பார்த்தோம். ஒரே தடவை உட்கார்ந்து பேசுவதிலேயே மனப்பாரம் கொஞ்சம் இறங்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

மதியம் வந்தவள் தாரணி, மோகனூர்ப் பெண், முதலாம் ஆண்டு. விடுதியில் சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, படிப்பையே விட்டுவிடலாம் போலிருக்கிறது என்றாள். கடைசிக் கேள்விக்கு வந்தேன். "இதே கஷ்டத்துல உன் தோழி ஒருத்தி இருந்தா என்ன சொல்லுவ?"

"யாருகிட்டயாவது மனசு விட்டுச் சொல்லுன்னு சொல்லுவனுங்க."

நாங்கள் எதிர்பார்த்த பதில்தான். முடிக்கப் போனேன். அவள் எழவில்லை.

"நாந்தான் உங்ககிட்டச் சொல்லிட்டனுங்களே. இனி என்னங்க பண்றது?"

கையிலிருந்த கேள்வித் தாளில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் அம்மாவிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். சரியென்று தலையாட்டினாள். போனில் நான் பாதி சொல்வதற்குள் அந்த அம்மா, "பாப்பாவ அங்கயே உக்கார வையுங்க, இப்பவே பஸ் ஏறி வாரேன்" என்றார். வந்தவர் எதுவும் கேட்காமல் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். தாரணி அப்போதுதான் அழுதாள்.

"அரை மணிக்கு மேல போயி அம்மாவயும் கூப்புட்டாச்சு, இந்தப் பொண்ண ஆய்வுல சேர்க்க முடியாதுங்க" என்றார் உடன் வேலை செய்யும் சுந்தர். சேர்க்க வேண்டாம் என்றேன்.

படுத்தால் காலையில் வந்த இன்னொருத்தியின் முகம்தான் வருகிறது. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். "இப்பப் பரவாயில்லைங்க" என்று சிரித்துவிட்டு, நேரம் முடியுமுன்பே எழுந்து போனாள். பயிற்சி நன்றாக வேலை செய்தது என்று அவளைத்தான் எல்லோரிடமும் உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். விடிந்ததும் முதலில் அவளைப் போய்ப் பார்க்க வேண்டும்.