அண்டாவுக்கு முன் சீட்

புரட்டாசி, வெள்ளிக்கிழமை இரவு.

மன்னார்புரம் கார் ஷோரூமுக்கு இன்று புளியோதரை அண்டாவையும் தூக்கிக்கொண்டு போனேன். சனிக்கிழமைதோறும் ராஜகோபுரத்தடியில் நான் விநியோகம் செய்கிற அண்டா. இத்தனை வருடமும் எங்கள் பழைய காரின் டிக்கியில் ஆடாமல் அசையாமல் வந்தது. பழையதைக் கொடுத்துவிட்டு அங்கே நான் பார்த்து வைத்திருந்த சிவப்பு ஹைபிரிட் காரை எடுக்கலாமா என்பதை அண்டாவே முடிவு செய்யட்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன்.

டிக்கியில் அது நுழையவில்லை. பாதி இடத்தை பேட்டரியே பிடித்துக்கொண்டிருக்கிறது. இவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"பெருமாளே சொல்லிட்டாரு. அம்பது வயசுல உனக்கு எதுக்கு ரேஸ் வண்டி? இருக்கறதே போதும்."

வீட்டில் கார் ஓட்டுவது நான் ஒருத்திதான். இவர் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. முன்னதாக பைபாஸில் ஓட்டிப் பார்த்தபோது அந்த வண்டி சத்தமில்லாமல் பாய்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கென்று பெருமாளிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பின் சீட்டின் குறுகலில் அண்டா நிற்கவில்லை. முன் சீட்டில் வைத்து பெல்ட்டை மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"பின்னாடிதாங்க. காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க."

ஏறி உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் தாடை வரைக்கும் வந்தது. "சனிக்கிழமை மட்டும்தானே?" என்றார்.

உள்ளே போய் புக்கிங் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். நாளைக்குப் பழைய வண்டியில் கடைசி அண்டா. புளி ஊறிக்கொண்டிருக்கிறது.