பொம்பிளை வீட்டிலிருந்து

ஓகஸ்ட் 20, புதன்

அன்ரி இன்றைக்கும் எனக்கென்று நெத்தலி பொரித்து வைத்திருந்தார். வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, இவ்வளவு உபசாரம் எதற்கு? நோர்வேயின் வடகோடி ஹம்மர்பெஸ்டிலிருந்து தாதியர் படிப்புக்கு ஒஸ்லோ வந்தவள் நான். அம்மாவின் பழைய சிநேகிதி என்ற உரிமையில் யோகாம்பாள் அன்ரி புருசெத்தில் தன் வீட்டில் ஓர் அறை தந்திருக்கிறார். அது சரி. ஆனால் நான் குசினிக்குள் போனதும் போனை ஏன் கவிழ்த்து வைக்கவேண்டும்? கடைசியாகக் காதில் விழுந்த சொல் - பேச்சுக்கால்.

பேச்சுக்கால் என்றால் எங்கள் ஆட்களிடம் ஒரேயொரு அர்த்தம்தான். கலியாணம்.

ஓகஸ்ட் 21, வியாழன்

அம்மாவிடம் நேரடியாகவே கேட்டேன். "உனக்கென்ன விசரே?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியில்லை. படிப்பு முடியும்வரை கலியாணக் கதையே எடுப்பதில்லை என்று அப்பா செத்த வருடம் எனக்குச் சத்தியம் பண்ணித் தந்தவர். இப்போது கட்டிவைத்தால் என் படிப்பு அவ்வளவுதான். அம்மா அப்படிச் செய்வாரா? செய்யமாட்டார். செய்வாரோ?

ஓகஸ்ட் 22, வெள்ளி

"நாளைக்குச் சனிதானே, ஒஸ்லோவை வடிவாச் சுத்திப் பாத்திட்டு வாரும். அருட்செல்வம் அண்ணை கூட்டிக்கொண்டு போவார். பஸ் ஓட்டுறவர், சந்துபொந்தெல்லாம் தெரியும். மகன் கிளின்ரனும் வாறான்."

மகன்! இருபத்துநாலு வயதாம், நான் கேட்காமலே சொன்னார் அன்ரி. "அந்த நீலச் சட்டையைப் போடும், அது உமக்கு எடுப்பு."

கறுப்பு ஹூடிதான் போடுவேன். சீப்பெடுத்துத் தலையும் இழுக்கமாட்டேன்.

ஓகஸ்ட் 23, சனி

கால் உளைகிறது. அதைவிட வயிறு எரிகிறது.

எங்கள் ஆட்கள் பெண் பார்க்கிற விதம் எனக்குத் தெரியாதா? பூசை முடிந்து கோயில் வாசலில் ஏதோ தற்செயலாகச் சந்தித்ததுபோல நிற்பார்கள். பெண்ணைத் தவிர எல்லோருக்கும் விசயம் தெரியும். இங்கே கோயில் வாசலுக்குப் பதிலாக ஆகர்ஸ்ஹூஸ் கோட்டை, அவ்வளவுதான்.

கோட்டைக்கு எழுநூறு வயதுக்கு மேல் என்று அருட்செல்வம் அங்கிள் ஒவ்வொரு பீரங்கியாகத் தட்டித் தட்டிக் காட்டினார். மதிலில் நின்றால் கீழே ஃபியோர்ட் கடல், வீடு மாதிரி உயர்ந்த வெள்ளைக் கப்பல், தீவுகள். வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் மனிதர் பார்க்க விட்டால்தானே!

"அம்மாவுக்கு உறைப்பு இறங்குமோ?"

"அந்தக் குளிர் அவவுக்கு ஒத்துக்கொள்ளுதோ?"

"அம்மா இப்பவும் பாடுறவவோ?"

இப்பவுமா? அம்மா பாடியது இவருக்கு எப்படித் தெரியும்? ஆரோ எங்கள் பூராயம் முழுக்க ஒப்புவித்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டைத் துருவுகிறாராக்கும். எல்லாவற்றுக்கும் "தெரியாது" என்றேன்.

ஒப்பரா மண்டபத்தின் சாய்ந்த கூரையில் நடந்து ஏறியதும் படம் எடுக்கத் தொடங்கினார். "கிளின்ரன், நீயும் பக்கத்திலை நில்லன்." மாப்பிள்ளைத் துரை போனிலிருந்து முகத்தை எடுக்காமலே வந்து நின்றார். வெட்கமாம்! பிறகு அங்கிளே என் பக்கத்தில் வந்து, சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மகனை எடுக்கச் சொன்னார். மாமனாரும் மருமகளும்! எடுத்த கையோடு யாருக்கோ அனுப்பினார். பதில் வந்தது. அதைப் பார்த்துத் தனக்குள் சிரித்தார். எட்டிப் பார்த்தேன்.

அம்மா. என்ர அம்மா!

நகரமண்டபத்துக்கு முன்னால் வாஃபல் வாங்கி நீட்டினார். வாங்கவில்லை. "எனக்கு எல்லாம் விளங்குது அங்கிள். இது சரிவராது" என்றேன். மனிதரின் முகம் கறுத்துப்போனது. "உம்மட விருப்பம்தான் பிள்ளை முக்கியம்" என்றார். புருசெத் வரும்வரை ரயிலில் அந்த வாஃபலைக் கையிலேயே வைத்திருந்தார்.

வந்ததும் அம்மாவுக்கு எழுதினேன்: "எல்லாம் தெரிஞ்சிட்டுது. எனக்கு இந்தச் சம்பந்தம் விருப்பமில்லை. இதோடை விடுங்கோ."

"சரி பிள்ளை. உனக்கு விருப்பமில்லாத ஒண்டும் எனக்கு வேண்டாம். நான் சொல்லிவிடுறன்."

அப்பாடா.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

அம்மா ஏன் இவ்வளவு அமைதி? ஒரு பேச்சு, ஒரு ஏச்சு இல்லை. வேறு மாப்பிள்ளை பார்க்கிறார்களோ?

செப்ரெம்பர் 18, வியாழன்

ரயிலில் கிளின்ரன் வந்து பக்கத்தில் இருந்தான்.

"அப்பா பாவம். வேலையாலை வந்து அறைக்குள்ளை போனால், நான் பாக்கப் போனாலும் வெளியிலை வாறேல்லை. உங்கட முடிவைப் பிழை சொல்லேல்லை. ஆனால் அவர் நல்ல மனுசன்."

"நான் வேண்டாமெண்டது உங்களைத்தானே? அவருக்கேன் இவ்வளவு கவலை?"

"என்னையோ? எனக்கு ஷாரஸ்தெ இருக்கு, காதலி. நோர்வேப் பிள்ளை, ரெண்டு பேரும் ஒரே வீட்டிலைதான் இருக்கிறம்." என்னை வடிவாகப் பார்த்தான். "ஐயோ. உங்களுக்குத் தெரியாதோ? உங்கட அம்மாவுக்கும் என்ர அப்பாவுக்கும்தான் பேசினது. மன்னாரிலை ஒரே பாடகர் குழுவாம். எங்கட அம்மா செத்தபிறகு அப்பாவும் தனியத்தானே."

புருசெத்தில் இறங்க மறந்து கடைசித் தரிப்பிடம்வரை போனேன்.

செப்ரெம்பர் 19, வெள்ளி

கோபம். எனக்குச் சொல்லாமல்! அப்பாவின் இடத்தில் இன்னொருவரா? நாள் முழுக்க இதையே நினைத்து அழுதேன்.

பிறகு நவம்பரை நினைத்தேன். ஹம்மர்பெஸ்டில் இருட்டுக்காலம் தொடங்கினால் சனவரிவரை சூரியனே இல்லை. அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து இருட்டுக்குள் வந்து, தானே லைற்றைப் போட்டு, குசினியில் நின்றபடியே சாப்பிடுவார். நான் அங்கே இருந்தபோது என்னோடு மேசையில் இருந்து சாப்பிடுவார்.

ஒரு வரி எழுதி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனே.

செப்ரெம்பர் 20, சனி

"அம்மா, நான் எனக்கெண்டு நினைச்செல்லோ வேண்டாமெண்டனான்."

போனில் அம்மா இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு அழுதார்.

"ஏன் அம்மா சொல்லேல்லை?"

"பெத்த பிள்ளையிட்டைச் சொல்லுற கதையே இது? நீ ஆளைப் பார், பிடிச்சால் சொல்லுவம் எண்டு இருந்தன்."

"இப்ப அவரிட்டைச் சொல்லுங்கோ."

"போடி! வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுத் திரும்ப நானே போய்க் கேக்கிறதோ? மானக்கேடு. பெரியாக்கள் ஆரும் இருந்தால் கதைச்சிருப்பினம். எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

செப்ரெம்பர் 21, ஞாயிறு

நான் இன்னும் முழுக்க நம்பவில்லை. ஒரு வாஃபலும் நாலு பீரங்கியும் காட்டினால் நல்ல மனிதராகிவிடுவாரா? காலையிலிருந்து அன்ரியைக் குடைந்தேன். "என்னை ஏன் பிள்ளை கேக்கிறீர், ஆளைக் கேளுமன்" என்று போனைக் கையில் திணித்தார்.

"அங்கிள், நிலூஜா. அனஸ்ரேசியாவின்ர மகள்."

"ஓம் பிள்ளை..." குரலில் பயம். "சுகமா இருக்கிறீரோ?"

"நான் பொம்பிளை வீட்டிலையிருந்து கதைக்கிறன்."

அங்கே ரிவிச் சத்தம் நின்றது. கதிரை இழுபட்டது.

"சொல்லுங்கோ" என்றார்.

குடிப்பீங்களோ என்று முதலில் கேட்டேன்.