இரண்டு பக்கமும் ஆடும் தலை

அக்டோபர் 6, செவ்வாய்

வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த நாளிலிருந்து மழை. மனைவி என்னோடு பேசி நாலு நாளாகிறது. "சாப்பாடு ரெடி" என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்கிறாள். சுவர் என்னைவிடத் தேவலை போலிருக்கிறது.

அக்டோபர் 7, புதன்

என்ன நடந்தது என்று எழுதிவைத்தால் எனக்காவது புரியும். போன வியாழன் மகள் கேட்டாள்: "ரெண்டு பேரும் இங்கயே இருந்துடுங்களேன்ப்பா. குழந்தை பிறந்தா எனக்குன்னு யாரு இருக்கா?" நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் நடுவில், நம்மவர்கள் ஆட்டுகிற ஆட்டம். கேட்டுக்கொண்டேன் என்றும் அர்த்தம், பார்க்கலாம் என்றும் அர்த்தம், ஆளை விடு என்றும் அர்த்தம். பதினைந்து வருஷமாக இந்த ஊரில் இருப்பவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை மாப்பிள்ளை விசா படிவத்தோடு வந்து நிற்கிறார்.

நம்ம ஊரில் மனைவிக்குச் சொந்தத் தையல் கடை இருக்கிறது. மூன்று மெஷின், வேலைக்கு இரண்டு பெண்கள், அவளே பெயின்ட் வாங்கி எழுதிய போர்டு. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். அதற்கும் தலையை ஆட்டித் தொலைத்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

முப்பத்திரண்டு வருஷம் ஆபீசில் மேலே இருந்தவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியே பென்ஷன் வாங்கியவன் நான். கழுத்துக்கு வேறு வேலை தெரியாது.

அக்டோபர் 8, வியாழன்

மழை. அலுப்பு. படிவம் சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கிறது.

அக்டோபர் 10, சனி

"வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதீங்க, கிராமப்பக்கம் போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று மகள் எங்கள் இருவரையும் சுற்றுலா பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். மழையில் என்னத்தைப் பார்ப்பது? கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்தால் ஈரப் புல்வெளி, நனைந்த ஆடுகள். மறுபடி துடைத்தால் மறுபடி அதே ஆடுகள். மனைவி அந்தப் பக்க ஜன்னல், நான் இந்தப் பக்க ஜன்னல்.

ஒரு பண்ணை வாசலில் அரை மணி நேரம் நிறுத்தினார்கள். எல்லோரும் ஏறும்போது மனைவிக்குக் கால் வலி, வாசல் கூரைக்கடியில் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் என்னிடம் வந்து பஸ்ஸைக் காட்டி ஏதோ கேட்டார். பாஷை புரியவில்லை. மரியாதைக்குத் தலையை ஆட்டினேன். அவரும் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

ஓடினேன். இந்த வயசில், அந்தச் சேற்றில். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. திரும்பி வந்தபோது என் செருப்பு ஒன்று சேற்றிலேயே தங்கிவிட்டது.

"என்ன கேட்டான்?" என்றாள். எட்டு நாளில் முதல் கேள்வி.

"தெரியலை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ஆட்டிக் காட்டினேன். அவள் என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. பிறகு பார்த்தால் அழுகிறாள்.

"அவ சரின்னு எடுத்துக்கிட்டா. இவன் இல்லைன்னு எடுத்துக்கிட்டான். நீங்க என்னதாங்க சொன்னீங்க?"

எனக்கே தெரியவில்லை என்றேன். பொய்யில்லை.

"கடையை மூடிட்டு இங்க வந்தா நான் யாரு? சொல்லுங்க. என் பொண்ணுக்குச் செய்ய எனக்கு வலிக்குமா? ஆனா கேட்கணும்ல, என்னை ஒரு வார்த்தை கேட்கணும்ல?"

கேட்டிருக்க வேண்டும். முப்பத்தாறு வருஷத்தில் எதைத்தான் கேட்டேன்? கூரை ஒழுகியது. தன் சால்வையில் பாதியை என் தலையில் போட்டாள். பண்ணைக்கார அம்மா போன் செய்து தகவல் சொல்ல, மாப்பிள்ளை கார் எடுத்துக்கொண்டு வர இரண்டரை மணி நேரம் ஆனது. அதுவரை அவள் பேசினாள். நான் தலையை ஆட்டாமல் கேட்டேன். ரொம்பக் கஷ்டம்.

அக்டோபர் 11, ஞாயிறு

காய்ச்சல். "மாத்திரை போட்டீங்களா?" என்று என்னைப் பார்த்தே கேட்டாள்.

அக்டோபர் 12, திங்கள்

மகளிடம் சொன்னேன். "நாங்க இங்க இருக்கப் போறதில்லைம்மா."

"அன்னிக்குத் தலையாட்டினீங்களே!"

"அது தப்பும்மா. என் தப்பு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெற்ற பிள்ளை வயிற்றில் பிள்ளையோடு கதவுக்குப் பின்னால் அழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். தலையை ஆட்டியே காலம் தள்ளியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. மனைவிதான் கதவைத் தட்டி உள்ளே போனாள். பிரசவத்துக்கு மூன்று மாதம் வந்து இருக்கிறேன், கடையைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அவள் சொன்னது வெளியே கேட்டது. மகளின் பதில் கேட்கவில்லை.

அக்டோபர் 17, சனி

படிவத்தை மாப்பிள்ளை எடுத்து வைத்துவிட்டார். மகள் என்னோடு பேசுவதில்லை. இந்த வீட்டுச் சுவருக்கு நல்ல கிராக்கி.

அக்டோபர் 24, சனி

விமான நிலையத்தில் காத்திருக்கும்போது எழுதுகிறேன். உள்ளே நுழையும் இடத்தில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குழந்தை பிறக்கும்போது நீங்களும் வருவீங்கல்லப்பா?"

கழுத்து தானாக அசையத் தொடங்கியது. மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு, என் தாடையை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினாள். "வாயைத் திறந்து சொல்லுங்க."

"வருவேன்மா" என்றேன். "என் மேல கோபம் போச்சா?"

மகள் தலையை ஆட்டினாள். இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் நடுவில், அப்படியே என்னை மாதிரி.

போச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.